கழிவு எடையில் போன பாசிகள்



வங்கியில் நகைக்கடன் வாங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், தராசில் வைப்பார், சீட்டில் இரண்டு எடை எழுதுவார். ஒன்று மொத்த எடை, இன்னொன்று நிகர எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கழிவு. கல், அரக்கு, பாசி எல்லாம் அந்தக் கழிவில் போய்விடும். கடன் நிகர எடைக்குத்தான். முப்பத்து நான்கு வருஷம் குமாஸ்தாவாக இருந்ததில், 'பாசி எடை கழித்து' என்று எத்தனை ஆயிரம் சீட்டில் எழுதினேனோ தெரியாது. கருகமணி கோத்த சங்கிலியைக் கவுண்டரில் வைத்த ஒரு அம்மா, "பாசிய அத்துராதீங்க சார், எங்க அம்மா கோத்துக் குடுத்தது" என்றார். "அதுக்கு மதிப்பு கிடையாதும்மா, ஆனா அப்படியேதான் இருக்கும்" என்று நான் பதில் சொன்னேன்.

அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வரக் காரணம் நம் போன பொதுக்குழு. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கம்யூனிட்டி ஹாலில் பெண்கள் சிலர் பாசி மாலையும் களிமண் நகையும் செய்கிறார்கள் அல்லவா? அதைப் பற்றி ஒரு நண்பர் கேள்வி எழுப்பினார். "யூடியூப் பார்த்துச் செய்யிற பொழுதுபோக்கு. அதுக்கு எதுக்கு ஹால், ஃபேன், லைட்? அந்த நேரத்தை வாடகைக்கு விட்டா சங்கத்துக்கு வருமானம்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பு இல்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவில் என் மனைவியும் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு லேசான பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் சொன்னபடி கேட்காமல் போயின. பிசியோதெரபி செய்த பெண் ஒரு கிண்ணம் நிறையப் பாசியைக் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொன்னார். முதல் வாரம் பத்து எடுப்பதற்குள் அழுதுவிடுவாள். இன்று மெல்லிய கியர் வயரில் கடுகளவு பாசியைக் கோக்கிறாள். ஊசிக்கு நூல் போடுவது மட்டும் இன்னும் என் வேலை.

ஆனால் இந்தக் கட்டுரை அவள் கையைப் பற்றியது இல்லை. 'யூடியூப் பார்த்துச் செய்யிறது' என்ற சொல்லைப் பற்றியது.

என் சொந்த ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காடு. நான் பிறந்தபோது ராமநாதபுரம் மாவட்டம், இன்று விருதுநகர் மாவட்டம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் ஒரு மழைக்கு அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும். மழை ஓய்ந்த மறுநாள் காட்டுக்குப் போனால் மண் கழுவப்பட்டு ஓட்டுச் சில்லும் சங்குத் துண்டும் மேலே கிடக்கும். நாலாம் வகுப்பில் எனக்கு அப்படி ஒரு சிவப்புப் பாசி கிடைத்தது. மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் ஓட்டை, வெயிலில் பிடித்தால் உள்ளே தீ எரிகிற மாதிரி இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கன்றுக்குட்டி கழுத்தில் கட்டிவிட்டாள், கண் படாமல் இருக்க. மறு வருஷம் கன்றைச் சந்தையில் விற்றபோது பாசியும் சேர்ந்து போய்விட்டது. விலை பேசினதில் பாசிக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. அப்போதே கழிவு எடைதான்.

2022 மார்ச்சில் எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. முதல் கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. 2023, 2024 என்று அடுத்தடுத்த கட்டங்களிலும் வந்துகொண்டே இருந்தன. கண்ணாடி மணிகள், சங்கு வளையல் துண்டுகள், சுடுமண் காதணிகள், சில்லு விளையாடும் வட்டுகள். சூதுபவளக் கல் ஒன்றில் திமிலோடு கூடிய காளை செதுக்கப்பட்டிருந்தது, செய்தித்தாளில் படம் பார்த்திருப்பீர்கள். சூதுபவளம் என்பது கடலில் எடுக்கும் பவளம் அல்ல, செந்நிறக் கல். விஜயகரிசல்குளத்தில் இந்தப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தபோது நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். கன்றுக்குட்டியோடு போன பாசி மாதிரியே ஒன்று உள்ளே இருந்தது. அதுவேதான் இது என்றோ, என் பாசியும் அந்தக் காலத்தது என்றோ சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அந்த நிறத்தை மட்டும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பி.காம். படித்தவனுக்குத் தொல்லியல் புதுசு. ஆனால் சரக்கு எங்கே வாங்கினது, எங்கே செய்தது, எங்கே விற்றது என்று கேட்டுப் படித்தால் எல்லாம் புரிகிறது.

முதலில் சங்கு. மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கை வாளால் வளையம் வளையமாக அறுத்து, தேய்த்து, மேலே கோடு கீறி வளையல் செய்தார்கள். சங்கறுப்பவரைப் பற்றி அகநானூற்றிலேயே குறிப்பு உண்டு. அந்தத் தொழில் நம் பக்கம் ஓய்ந்து, இன்று வங்காளத்தில் நிற்கிறது. அங்கே கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையலுக்கு நம் கடல் சங்குதான் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 1914ல் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்வளத் துறை அதிகாரி இந்தச் சங்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அடுத்து கல். இதில் பெரிய ஊர் கொடுமணல். ஈரோடு மாவட்டம், நொய்யல் கரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே தோண்டியது. வழக்கமாக அகழாய்வில் கிடைப்பது செய்து முடித்த பொருள். கொடுமணலில் பட்டறையே கிடைத்தது: கச்சாக் கல், பாதி செதுக்கின மணி, ஓட்டை போடும்போது உடைந்த மணி, தேய்த்து முடித்த மணி. எங்கள் பாஷையில் சொன்னால் கச்சாப் பொருள், செய்முறையில் உள்ள சரக்கு, சேதாரம், முடிந்த சரக்கு என்று உற்பத்திக் கணக்கின் எல்லாத் தலைப்பும் அந்த மண்ணுக்குள் இருந்தது. ஒரே ஒரு ஈமக்குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள மணிகள் எடுத்தார்கள். பக்கத்தில் காங்கேயம் அருகே படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் அந்த வகைக் கல் இந்தியாவில் கிடைப்பது, வேறெங்கும் அரிது என்று கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எழுதி வைத்தார்.

சூதுபவளத்துக்கு மூலக்கல் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. தோண்டி எடுக்கும்போது அது மங்கலான பழுப்பாகத்தான் இருக்கும். வெயிலில் நாள் கணக்கில் காயவைத்து, பிறகு பானைக்குள் வைத்து வறட்டித் தீயில் மெதுவாகச் சூடாக்கினால் கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சத்து மாறிச் சிவப்பு வரும். அவசரப்பட்டால் வெடித்துவிடும். குஜராத்தின் கம்பாத் நகரத்தில் இன்றும் இந்தத் தொழில் நடக்கிறது. என் கையில் கிடந்த அந்தத் தீயை யாரோ ஒருவர் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார்.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். சனிக்கிழமைக் குழுவினர் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது, ஏனென்றால் நீங்கள் கோக்கும் 'சீட் பீட்ஸ்' வகையின் பாட்டி வீடு நம் கடற்கரை.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்று ஒரு மேடு. அங்கே மழைக்குப் பிறகு சிறுவர்கள் வண்ணப் பாசி பொறுக்குவார்கள். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 1937ல் அவர் கைக்கு ஒரு செதுக்குக் கல் வந்தது. அதில் இருந்த முகம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்றார் அவர். எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் அந்தச் சிறுவர்களுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்: அவர்களுக்குப் பக்கத்தில் கேட்க ஒரு வாத்தியார் இருந்தார்.

1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். ரோம நாட்டுப் பானையும் மது ஜாடியும் கிடைத்ததும் உலகமே அரிக்கமேட்டை ரோமர்களின் துறைமுகமாகப் பார்க்க ஆரம்பித்தது. பாசிகள் கூடவே கிடைத்தன, ஆனால் பேச்சு ஜாடியைப் பற்றித்தான். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டியபோது, ரோமர் சரக்கு வருவதற்கு முன்பும் அது நின்ற பின்பும் அந்த ஊர் இருந்தது தெரியவந்தது. பாசிகளை எடுத்து ஆராய்ந்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். பாசி ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் நடத்தியவர். 2002ல் வெளிவந்த அவருடைய நூல் ஆசியக் கடல்வழிப் பாசி வணிகத்தைப் பற்றியது. மனிதர் வாழ்க்கை முழுவதையும் பாசிக்குக் கொடுத்துவிட்டார், எந்த மதிப்பீட்டாளரும் கழிவில் எழுதும் அந்தப் பாசிக்கு.

அரிக்கமேட்டுப் பாசியின் சூட்சுமம் இழுப்பதில் இருக்கிறது. தனித்தனியாக ஒவ்வொரு பாசியும் செய்தால் நாளைக்கு எத்தனை செய்ய முடியும்? அவர்கள் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் கூம்பு மாதிரி திரட்டி, நடுவில் ஓட்டை இருக்கும்படி வைத்து, அதன் முனையைக் கொக்கியால் பிடித்து இழுப்பார்கள். கண்ணாடி மெல்லிய குழலாக நீண்டுகொண்டே வரும், உள்ளே ஓட்டையும் கூடவே வரும். ஓட்டை போடும் வேலையே மிச்சம். குழலைப் பொடிப்பொடியாக நறுக்கினால் பாசி. விளிம்பு கூராக இருக்குமே, கையைக் கிழிக்காதா? அதற்குச் சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டுச் சூடாக்கிக் கிளறுவார்கள். விளிம்பு உருகி உருண்டையாகும். சாம்பல் ஓட்டைக்குள் புகுந்துகொள்வதால் ஓட்டை அடைபடாது, பாசியும் பாசியும் ஒட்டாது. என்ன ஒரு மூளை, சொல்லுங்கள்.

இந்தோ-பசிபிக் பாசி என்று இந்த வகைக்குப் பெயர் வைத்தது பிரான்சிஸ்தான். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைத்திருக்கிறது. செய்முறையும் கடல் தாண்டியது. இலங்கையில் மாந்தை, வியட்நாமில் ஓக் ஏயோ, தாய்லாந்தில் குவான் லூக் பாட். இந்தக் கடைசிப் பெயருக்கு அந்த ஊர் மொழியில் பாசி மேடு என்று அர்த்தமாம். அந்தப் பாசி மேட்டில் ஒரு சின்னக் கல் கிடைத்தது. அதில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருந்தது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. என்ன கல் தெரியுமா? பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல். பெரும்பதன் என்ற தமிழ்த் தட்டார் கடல் தாண்டிப் போய்ப் பாசி செய்யும் ஊரில் உட்கார்ந்து பொன் உரைத்திருக்கிறார். இதைப் படித்த அன்று இரவு, எங்கள் கிளையில் உரைகல்லோடு மூலையில் உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளரை நினைத்துக்கொண்டேன். அவரும் தன் கல்லை வேறு யாரும் தொட விடமாட்டார்.

இந்தோனேசியாவின் திமோர் தீவில் செம்மண் நிறப் பாசி மாலைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கல்யாணச் சீராகக் கொடுக்கிறார்கள். முதிசாலா என்று பெயர். தென்னிந்தியாவிலும் பிறகு தென்கிழக்காசியாவிலும் செய்த இந்தக் கண்ணாடிப் பாசிதான் அது. அங்கே அதற்குக் கழிவு எடை கிடையாது.

தமிழ்க் கரையில் இந்தப் பட்டறைகள் எப்போதோ அணைந்துவிட்டன. ஆனால் காளஹஸ்திக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அதே கூம்பு, அதே குழாய், அதே இழுப்பு நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. பிரான்சிஸ் பழைய முறையைப் புரிந்துகொண்டது அங்கே வேலை செய்தவர்களைப் பார்த்துத்தான். திருப்பதிக்குப் போகும் வழியில் எத்தனை தடவை அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போயிருக்கிறோம்!

பிற்காலத்தில் ஐரோப்பியப் பாசி, அப்புறம் ஜப்பான் பாசி என்று சந்தை மாறியது. இன்று எழுகடல் தெருப் பக்கம் ஃபேன்சி கடையில் என் மனைவி வாங்கும் பாக்கெட்டில் பாதி எந்த நாட்டுச் சரக்கு என்று கடைக்காரருக்கே தெரிவதில்லை.

பாலிமர் க்ளே கதை சின்னது. இது மண்ணே கிடையாது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிவிசி, பிசையும் பதத்துக்கு எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம் கலந்தது. 1930களின் இறுதியில் ஜெர்மனியில், கேத்தே க்ரூஸெ என்ற புகழ்பெற்ற பொம்மைக்காரரின் வீட்டுக்கு இப்படி ஒரு பொருள் வந்து சேர்ந்தது. பொம்மைத் தலைக்குச் சரிப்படவில்லை. மகள் ஃபிஃபி அதை விளையாட்டாகப் பிசைந்து பல வண்ணத்தில் செய்து பார்த்தார். 1964ல் ஒரு பென்சில் கம்பெனி அதை வாங்கி ஃபிமோ என்று விற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்கல்பி வந்தது. வண்ண வண்ணக் குச்சிகளைச் சேர்த்து உருட்டி, மெலிதாக நீட்டி, முறுக்கை வெட்டுவது மாதிரி வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அதே பூ வரும், பார்த்திருப்பீர்கள். அது பழைய கண்ணாடிக்காரர்களின் வித்தை. இழுத்து நீட்டு, அப்புறம் நறுக்கு. பொருள்தான் வேறு.

இதில் ஒரு எச்சரிக்கை. பொதுக்குழுவில் அந்த நண்பர் கேட்காமல் விட்ட நல்ல கேள்வி இது. பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி, அரை மணி நேரம் வேகவைத்தால் போதும். மறந்துபோய்க் கருகவிட்டால் பிவிசி புகை வரும், அது மூச்சுக்கு ஆகாது. சமையல் தட்டையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. சி பிளாக்கில் ஒருவர் கேக் செய்யும் ஓவனில் வைத்துக் கருக்கிவிட்டு, இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார் (பெயர் சொல்லவில்லை, அடிக்க வருவார்). ஹாலில் ஜன்னல் ஓரமாக இதற்கென்று ஒரு சின்ன ஓவனும் வெப்பமானியும் இருந்தால் பத்து வீட்டுச் சமையலறை தப்பிக்கும். மைதாவும் பசையும் பிசைந்து செய்யும் க்ளேக்கும், சுடுமண்ணுக்கும் இந்தப் பயம் கிடையாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கல் ஸ்டாலில் என் மனைவி ஒரு மாலையை 150 ரூபாய்க்கு விற்றாள். பாசி, கொக்கி, வயர் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் அடக்கம். மூன்று மாலை வேலை. மணிக்குக் கூலி போட்டால் நஷ்டம். கொடுமணல்காரருக்கு இது தொழில், இவர்களுக்குத் தொழில் இல்லை, அதனால் வாடகைக் கணக்கில் இது எந்நாளும் ஜெயிக்காது. நண்பரின் வாதத்தை நான் மறுக்காமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

கடைசியாக நம் கேட் விஷயம். மாதம் ஒரு தடவை ஒரு நரிக்குறவர் அம்மா பாசிமணி, ஊசியோடு நம் வாசலில் வந்து நிற்பார். வியாபாரிகள் உள்ளே வரக் கூடாது என்பது நம் விதி, செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிடுவார். தமிழ்நாட்டில் பாசி கோத்து விற்பதையே பிழைப்பாக வைத்து இன்றும் தெருத் தெருவாக நடப்பவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, நம்மிடம் தமிழ். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பல காலம் கேட்டு, 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் அதற்கான சட்டத் திருத்தம் நிறைவேறியது.

போன மாதம் நானும் மனைவியும் வெளியே போகும்போது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மனைவி போட்டிருந்த மாலையைப் பார்த்து, "யாரு கோத்தது?" என்றார். "நான்தான்" என்றாள். மாலையைக் கழற்றி வாங்கி, முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். "பாசி நல்லா இருக்கும்மா. முடிச்சு நிக்காது, ஒரு மாசத்துல அந்துரும்" என்றார். தன் பையிலிருந்து நூலை எடுத்து, முடிச்சை ஒரு பாசிக்குள்ளேயே இழுத்து மறைக்கிற விதத்தை இரண்டு தடவை செய்து காட்டினார். மூன்றாவது தடவை மனைவியின் கையில் கொடுத்தார். விரல் நடுங்கிற்று. அவர் மனைவியின் மணிக்கட்டைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். முடிச்சு உள்ளே போயிற்று. நான் நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு கருப்புப் பாசி மாலையை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவரை ஹாலுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். என் விருந்தினர் என்று பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டேன். முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் சொந்தமாக நூலும் கத்தரிக்கோலும் கொண்டு வாருங்கள். பொதுக்குழு அதற்கு அடுத்த ஞாயிறு.